பிழைத்து வந்தவளுக்கு என்ன முறை?

சிகாகோ, மேற்குப் பக்கம்
ஜூலைக் கடைசி, தார் உருகும் ஒரு மதியம்

அன்பு மருமகள் ஷெரீசுக்கு,

உன் தாய்மாமன் அலோன்சோ, இந்தத் தெருவின் முடிசூடா மன்னன், சீட்டாட்டத்தில் மூன்று பேட்டைகளை மண்ணைக் கவ்வ வைத்தவன், எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் மரியாதை. மரியாதை பின்னால் வரட்டும். முதலில் விஷயம்:

உன் அம்மா உயிரோடு இருக்கிறாள்.

உன் கடற்படைக் கப்பலில் கடிதம் நனைந்து ஒரு வரி அழிந்தாலும் இன்னொரு வரி நிற்கட்டும் என்று மறுபடியும் எழுதுகிறேன். உன் அம்மா ஈவெட், என் ஒரே தங்கை, உயிரோடு இருக்கிறாள். நேற்றுக்கூட என்னைக் கழுதை என்றாள்.

ஏன் இப்படிக் கூவுகிறேன் என்றால், கப்பலில் போன், மெயில் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறார்கள், தபால் மூட்டை மட்டும்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். உங்கள் கப்பல் கரையைத் தொட்டு உன் போனுக்கு உயிர் வந்ததும் படம் படமாக வந்து விழும். தெருவே உன் அம்மாவின் முகம் போட்ட சட்டையில் நிற்கும். பிறந்த வருஷம், ஒரு கோடு, இந்த வருஷம், கீழே இரண்டு சிறகு. அந்தச் சட்டைக்கு அர்த்தம் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்கே யார் சுடப்பட்டுச் செத்தாலும் அவர்கள் படத்தைச் சட்டையில் அடித்துத் தருகிறவள் உன் அம்மாதான். சூட்டில் அழுத்திப் படம் பதிக்கிற அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதினாய். ஆனால் இந்த ஒரு சட்டையை அடித்தவன் நான். அவசரப்பட்டு அடித்துவிட்டேன். ஆகவே நெஞ்சைப் பிடிக்காமல் மேலே படி.

நடந்தது இது. சனிக்கிழமை உன் அம்மா தலை பின்னிக்கொள்ளப் போனாள். ஆறு மணி நேரம் உட்கார்ந்து, ராணி மாதிரி பின்னலோடு வெளியே வந்து, மூலையில் பஸ்ஸுக்கு நின்றாள். ஒரு கார் வந்தது, இன்னொரு கார் துரத்தி வந்தது. இரண்டு காரில் இருந்தவர்களுக்கும் உன் அம்மா யாரென்றே தெரியாது. ஒரு குண்டு அவள் இடுப்புக்கு மேலே நுழைந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்ற வில்மா (ஆமாம், எதிர்வீட்டு வில்மாதான்) ஓடி வந்து, முகத்தில் துணி போட்டு மூடி எடுத்துப் போனார்கள் என்று சொன்னாள். வெயில் கண்ணில் படாமல் இருக்கத்தான் போட்டார்களாம். அதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

நான் ஓடினேன். எழுபத்தொன்பதாம் வருஷத்துக்குப் பிறகு ஓடாத இந்த உடம்பு அன்று இரண்டு பஸ்ஸையும் ஒரு போலீஸ் காரையும் முந்தியது. பெரிய ஆஸ்பத்திரியில் மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் யாரும் இங்கே இல்லை என்றாள். மறுபடி பார்க்கச் சொன்னேன். இல்லை என்றாள். குண்டடி பட்டு வருகிறவர்களுக்கு வேறு பெயர் போட்டுத்தான் படுக்க வைப்பார்கள், சுட்டவன் தேடி வந்து மிச்சத்தை முடித்துவிடக் கூடாது என்று. எனக்கு அது தெரியாதா? இந்தப் பேட்டையில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது எதுவும் அன்றைக்குத் தலையில் நிற்கவில்லை, மருமகளே. இல்லை என்றால் இல்லை என்றுதான் காதில் விழுந்தது.

அப்படியே வீட்டுக்கு வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் அடித்தவளுக்கு ஒரு சட்டை இல்லாமல் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் என் மூளையில் ஓடியது. நீ கடற்படையில் சேர்ந்த அன்று அவள் மஞ்சள் தொப்பியோடு எடுத்துக்கொண்ட படத்தைப் போட்டேன். கம்ப்யூட்டரில் படத்தை வலம் இடமாகத் திருப்பி வைத்தால்தான் துணியில் நேராக விழுமாம். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதாம். நான் கண்டேனா? எல்லாச் சட்டையிலும் எழுத்து பின்னால் நடந்து போயிற்று. கண்ணாடி முன்னால் நின்றால்தான் படிக்க முடியும். ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவனிடம் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் அப்படியே மாட்டிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நினைவாக வானத்தில் மஞ்சள் பலூன் விட்டோம். எத்தனை என்கிறாய்? சூரியன் மறைந்து கோழிகள் கூட்டுக்குத் திரும்பிவிட்டன, அத்தனை. பாஸ்டர் அழுதார். வீட்டுக்குள் சாப்பாடு நிரம்பியது. வறுத்த கோழி, கெளுத்தி மீன், கீரை, மக்ரோனி, நாலு விதக் கேக்கு. அடுப்பு மேலே இடமில்லாமல் துணி துவைக்கிற மெஷின் மேலே வைத்தோம்.

திங்கட்கிழமை, என் வாய் நிறைய மக்ரோனி இருக்கும்போது போன் அடித்தது. ஒரு நர்ஸ் பெண்.

“சார், இங்க மேப்பிள்னு ஒரு அம்மா இருக்காங்க. ராத்திரி தலைக்குக் கட்டற பட்டுத் துணி இல்லாம புதுப் பின்னல் பாழாப் போவுதாம். இன்னிக்குக் கொண்டாரலேன்னா எந்திரிச்சு வந்து உங்களைத்தான் மொத அறையப்போறேன்னு சொல்லச் சொன்னாங்க.”

எந்தப் பெயர் போட்டுப் படுக்க வைத்தாலும், உலகத்தில் அப்படி ஒரு மிரட்டல் விடுகிறவள் ஒருத்திதான். நான் மக்ரோனியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதோடு கதை முடிந்தது, சிரித்துவிட்டுத் தூங்கு என்று எழுத எனக்கும் ஆசைதான். இனிமேல்தான் எனக்குப் புரியாத பகுதி.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வாசலில் கார் நின்றதும் தெருவே ஓடி வரும் என்று எதிர்பார்த்தேன். வில்மா ஜன்னல் திரையை மூடினாள். கீழ்வீட்டுக்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார், உன் அம்மாவின் முகம் இருந்தது, அப்படியே உள்ளே போய்விட்டார். உயிரோடு இருக்கிறவளின் சாவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது போல. அன்றிலிருந்து ஒரு தட்டு வரவில்லை. செத்தவளுக்கு வந்த கோழியில் பாதி பிழைத்தவளுக்கு வரவில்லை.

அவளோ, யார் கேட்டாலும் விழுந்துவிட்டேன் என்கிறாள். படியில் வழுக்கிவிட்டது என்கிறாள். சுட்டார்கள் என்று அவள் வாயில் வரவே இல்லை. படுக்கையை அறையிலிருந்து இழுத்து ஜன்னல் இல்லாத நடைவழியில் போட்டுக்கொண்டாள். நான் அடித்த சட்டையில் ஒன்று கேட்டாள். எரிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். போட்டுக்கொண்டாள். அதைத்தான் தினமும் போடுகிறாள். நடைவழிக் கண்ணாடி முன்னால் நின்று தன் பெயரையும் இரண்டு வருஷங்களுக்கு நடுவிலுள்ள அந்தக் கோட்டையும் நேராகப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறாள்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று பைபிள் மேல் கை வைக்கச் சொன்னாள்.

“சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவா. அவளாவது இந்த மூலையில நிக்காம இருக்கட்டும்ணே.”

கை வைத்தேன். என் இன்னொரு கை சும்மா இருந்தது, அதைக் கொண்டுதான் எழுதுகிறேன். வரவா என்று கேட்காதே, வராதே என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு யாரைக் கூட்டி வந்தோம் என்பது மட்டும் எனக்கு விளங்க வேண்டும். நம் ஈவெட்டைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று உனக்குத் தோன்றினால் எழுது. நீ படித்தவள், கப்பலே ஓட்டுகிறாய்.

ஏழு கடலும் உனக்கு அடங்கி நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
மாட்சிமை தாங்கிய அலோன்சோ

*

சிகாகோ
ஆகஸ்டு நடுவில்

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முன்பக்கமும் பின்பக்கமும் என்னைத் திட்டியிருந்தாய். மெஷின் பொத்தானைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பத்தி. பெருமையாக இருந்தது, வாய் அப்படியே அவள் வாய். கடிதத்தை என் காலணிக்குள் வைத்திருக்கிறேன். அங்கே உன் அம்மா மூக்கை நுழைக்க மாட்டாள்.

அம்மா சிரிக்கிறாளா என்று கேட்டிருந்தாய். சிரிக்கிறாள். தொலைக்காட்சியில் சிரிக்கிறவர்கள் நிறுத்திய பிறகு சிரிக்கிறாள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதை யாரோ மாற்றி வைத்துவிட்ட மாதிரி.

அவளுக்கு ஒரு விருந்து வைக்கலாம் என்று எழுதியிருந்தாயே, அதைத் தலைமேல் ஏற்றுக்கொண்டு, நல்ல தொப்பி போட்டு, தூதுவன் மாதிரி வீடு வீடாகப் போனேன். யாருக்கும் வர மனமில்லாமல் இல்லை. என்ன கொண்டுவருவது என்றுதான் தெரியவில்லை. வில்மா கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடமே கேட்டாள்.

“கேக்கா கோழியா, நீயே சொல்லு அலோன்சோ. கேக்குன்னா பொறந்தநாள் மாதிரி ஆயிடும். கோழின்னா மறுபடியும் சாவு வீடு மாதிரி ஆயிடும். வந்து சிரிக்கணுமா, அழணுமா? அதைச் சொல்லு, நான் சமைச்சுடறேன்.”

எனக்கே பதில் தெரியாத கேள்வி இந்தத் தெருவில் இதுவரை பிறந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். செத்தவர்களுக்கு இங்கே எல்லா முறையும் இருக்கிறது. சட்டை இருக்கிறது, பலூன் இருக்கிறது, யார் எந்தப் பதார்த்தம் என்பதுகூட பேசாமலே முடிவாகிவிடும். துளையோடு நடந்து வீட்டுக்கு வந்த பொம்பளைக்கு ஒரு முறையும் இல்லை. இத்தனைக்கும் இந்தத் தெருவில் அப்படி நடமாடுகிறவர்களைக் கணக்கெடுத்தால் மாதா கோயில் பாட்டுக் குழு நிறையும். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

சரி, ஊர் வேண்டாம், நாமே செய்வோம் என்று கெளுத்தி மீன் வறுத்தேன். உன் மாமன் வறுத்தால் புகை கனடாவுக்குத் தெரியும். புகை மணி கத்த ஆரம்பித்தது. துண்டால் விசிறி அதை அடக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் உன் அம்மா நடைவழியில் இல்லை. குளியலறையில், தண்ணீர் இல்லாத தொட்டிக்குள், செருப்போடு படுத்திருந்தாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெளியே வெடி கேட்டால் உன்னைத் தூக்கிப்போட்டு மேலே கவிழ்ந்துகொள்வாளே, அதே தொட்டி. இப்போது அவள் மட்டும். தையல் போட்ட பக்கத்தைக் கையால் மூடியிருந்தாள்.

மீன் கருகிவிட்டது என்று சொன்னேன். அவள் பரவாயில்லை என்றாள். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அவளைக் கட்டிக்கொள்ள இருந்து ஓடிப்போன அந்தப் பல் டாக்டரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தொலைக்காட்சிக்குச் சிரிக்கிற மாதிரி, சிரித்தாள்.

சாப்பிடுகிறாள், கவலைப்படாதே. கொஞ்சம் குறைவாக.

மாமன் அலோன்சோ

*

சிகாகோ
செப்டம்பர் ஆரம்பம், இன்னும் வெயில் இறங்கவில்லை

அன்புள்ள ஷெரீசுக்கு,

இன்று ஒன்று நடந்தது. அதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். அது நல்லதா இல்லையா என்று நீ சொல்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெர்னடைன் அக்காவை உனக்கு நினைவிருக்கும், மாதா கோயிலில் கதவருகே வெள்ளைக் கையுறையோடு நின்று வருகிறவர்களை உட்கார வைப்பாரே. அவர் மகள் லட்ரீஸ் போன வாரம் போய்விட்டாள். அவளோடு குடியிருந்தவனே, அவள் சமையலறையிலேயே, சுட்டுவிட்டான். தெருவில் நடந்திருந்தால் மூலையில் மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள். வீட்டுக்குள் நடந்ததற்கு எங்கே போய் ஏற்றுவது? ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவள் ஏன் அவனை விட்டுப் போகவில்லை என்று பேசுகிறார்கள். பலூன் விடுகிற பேச்சே இல்லை.

பெர்னடைன் அக்கா தனியாக, போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, சட்டை கேட்டு வந்தார். நான் வாசலிலேயே மறித்தேன். மெஷின் பழுது என்றேன், சூடு ஏறமாட்டேன் என்கிறது என்றேன், நான் தொட்டால் எழுத்தெல்லாம் திரும்பிக்கொள்ளும், நீங்களே பார்த்தீர்களே என்றேன். வாய் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து உன் அம்மாவின் குரல்.

“நகருண்ணே. அக்காவ உள்ள வுடு.”

அந்தச் சட்டையோடுதான் வந்து நின்றாள். பெர்னடைன் அக்காவிடமும் அதே சட்டை ஒன்று இருக்கிறது, பலூன் விட்ட அன்று போட்டிருந்தார். சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உள்ளே போய் உட்கார்ந்தார்.

படத்தில் லட்ரீஸ் ஊதா கவுனில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவன். அவன் கை அவள் தோள்மேல். அவள் அவ்வளவு அழகாக இருந்த படம் அது ஒன்றுதானாம். உன் அம்மா கம்ப்யூட்டரைத் திறந்து அவனை வெட்டி எடுத்தாள். முகம் சுலபமாகப் போய்விட்டது. கைதான் போகவில்லை. விரல்கள் அவள் முடிக்குள்ளே இருந்தன. ஒவ்வொரு விரலாக அழித்து, அந்த இடத்தில் முடியை வரைந்து, தோளை வரைந்து, மத்தியானம் முழுக்க அதே வேலை. பெர்னடைன் அக்கா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இருக்கு, அங்கே நகம் தெரியுது, என்று காட்டிக்கொண்டே இருந்தார்.

மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. நான் இருவருக்கும் தண்ணீர் கொண்டுபோனேன். கதவருகில் நிற்கும்போது பெர்னடைன் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, கேட்டார்.

“உனக்குப் பட்டப்போ வலிச்சுதா ஈவெட்டு?”

தண்ணீரோடு நின்றுவிட்டேன். படியில் வழுக்கியது வரப்போகிறது என்று காத்திருந்தேன். உன் அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னைச் சுட்டாங்கக்கா,” என்றாள். அதுவரைக்கும் அவள் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை. “மொதல்ல ஒண்ணும் தெரியல. பின்னாலேர்ந்து யாரோ இடிச்ச மாதிரி இருந்துச்சு. எவன்டா அதுன்னு திரும்பித் திட்டலாம்னு பாத்தேன். அதுக்குள்ள படுத்திருக்கேன். மூஞ்சில வெயில். அவ்ளோதான்.”

“பயமா இருந்துச்சா?”

“பயப்படறதுக்கு நேரமே இல்லக்கா. லட்ரீசுக்கும் இருந்திருக்காது.”

பெர்னடைன் அக்கா அதை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் உன் அம்மாவின் சட்டை விளிம்பைத் தூக்கச் சொன்னார். உன் அம்மா தூக்கினாள். அவர் அந்த இடத்தைப் பார்த்தார், தொடவில்லை. நான் தண்ணீரை வாசற்படியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

சட்டைகள் நேராக வந்தன. சிறகு போடவில்லை. பெர்னடைன் அக்கா ஒன்றை வந்த உடுப்புக்கு மேலேயே போட்டுக்கொண்டு தெருவில் நடந்து போனார். வில்மா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். தட்டில் என்ன என்று நான் பார்க்கவில்லை.

உன் அம்மா குணமாகிவிட்டாள் என்று இதற்கு அர்த்தமா? இன்றும் நடைவழியில்தான் படுத்திருக்கிறாள். சட்டையும் அதேதான். ஆனால் மெஷினைத் துடைத்து உறை போட்டு வைத்தாள், நான் விட்ட அழுக்குக்கு என்னைக் கழுதை என்றாள், பிறகு சமையலறையில் நின்றபடியே ரொட்டியில் மிளகாய்ச் சாறு ஊற்றித் தின்றாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, மருமகளே.

இன்னொன்றும் பிடிபடவில்லை. அவள் சொன்னது உண்மைதானா? மதியம் அவள் கண்ணயரும்போது பக்கத்தில் நான்தான் இருக்கிறேன். தூக்கத்தில் அவள் போடுகிற சத்தம் வெயிலுக்குப் போடுகிற சத்தமாக இல்லை. பெர்னடைன் அக்கா உயிரோடிருக்க எது வேண்டுமோ அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மிச்சம் எங்கே இருக்கிறது? அதை யார் கேட்பது?

நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் நான் கோடி வார்த்தை பேசியிருப்பேன், அந்த ஒரு கேள்வி அதில் இல்லை. இப்போது கேட்டாலும் அவள் சொல்ல மாட்டாள். சொல்லி முடிப்பதற்குள் நான் ஏதாவது வேடிக்கை பேசிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வேலையை விட்டு வா என்று கேட்கவில்லை. கரையில் இறங்கியதும் கூப்பிடு. மாமன் எல்லாம் எழுதிவிட்டான் என்று முதலிலேயே சொல்லிவிடு, வருகிற அடியை நான் வாங்கிக்கொள்கிறேன். நலமா என்று கேட்காதே. பெர்னடைன் அக்கா கேட்டதைக் கேள். யாரோ இடித்த மாதிரி இருந்தது, முகத்தில் வெயில் பட்டது என்று சொன்னால், சரிம்மா என்று வைத்துவிடாதே. அது மகளைப் பறிகொடுத்தவருக்குச் சொன்ன பதில். நீ போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இரு. எவ்வளவு நேரம் ஆனாலும் இரு.

அவள் அழுதால் அழட்டும், கத்தினால் கத்தட்டும். போன் மணி கேட்டதுமே நான் அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். யார் வந்தாலும் உள்ளே விட மாட்டேன்.

ஆண்டவன் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். சீக்கிரம் சேர்க்கட்டும்.

உன் மாமன்,
அலோன்சோ